பள்ளி முடிக்கும் மாணவர்களை முன்னாள் மாணவர் சங்கத்தில் வரவேற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடைசித் தேர்வு முடிகிற அன்று பேட்ச் மொத்தமும் பள்ளி வாசலிலேயே நிற்கும். யாருக்கும் கிளம்ப மனம் வராது. ஆனால் அடுத்த வாரம் அதே மாணவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால், பள்ளி அலுவலகத்தில் இருப்பது அப்பா அல்லது அம்மாவின் கைபேசி எண்தான். அதுவும் சேர்க்கைப் படிவத்தில் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது. பத்து ஆண்டு கழித்து முன்னாள் மாணவர் சங்கம் அவர்களைத் தேடத் தொடங்கும்போது அந்த எண்களில் பல வேலை செய்யாது.

எங்கள் சங்கத்தில் பழைய பேட்ச்களைத் தேடிப் பிடிக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். ஒருவரைக் கண்டுபிடிக்க நான்கைந்து பேரிடம் விசாரிக்க வேண்டியிருக்கும். கடைசியில் பிடித்துவிட்டால், "என்னையெல்லாம் கூப்பிடுவீங்கன்னு நினைக்கவே இல்ல" என்று சிலர் சொல்வார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும். அப்படிச் சொன்னவர்களில் பலர் இறுதித் தேர்வில் தவறியவர்கள், அல்லது மேலே படிக்காமல் நேராக வேலைக்குப் போனவர்கள். சங்கம் அவர்களை ஒதுக்கியதே இல்லை. ஆனால் கூப்பிடவும் இல்லை. முடிவுகள் வந்த பிறகு பாராட்டு விழா ஒன்று நடந்தது, அதற்கு யார் வந்தார்களோ அவர்கள் மட்டும் உள்ளே வந்தார்கள்.

அதனால் மற்ற எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்: தேர்வு முடிவுகள் வருவதற்கு முன்பே பேட்ச் முழுவதையும் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

படி 1: யாரெல்லாம் நம்மவர் என்று எழுதி வையுங்கள்

சங்க விதிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். 'இறுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள் உறுப்பினர் ஆகலாம்' என்று ஒரு வரி இருந்தால், அதை மாற்றுவதுதான் முதல் வேலை. இந்தப் பள்ளியில் ஒரு கல்வியாண்டாவது படித்த எவரும் உறுப்பினர் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் வேறு பள்ளிக்கு மாறிப் போனவர்களும் இதில் வந்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் முன்னாள் மாணவரைக் குறிக்கும் 'அலம்னஸ்' என்பது லத்தீன் சொல். ஊட்டி வளர்ப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது, வளர்ப்புப் பிள்ளை என்று பொருள்படும். மதிப்பெண்ணுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

சந்தாவையும் இப்போதே பேசி முடியுங்கள். பள்ளி முடித்த முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சந்தா வேண்டாம் என்பது என் கருத்து. சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், விதியைத் திருத்தப் பொதுக்குழு கூட வேண்டியிருக்கும். எனவே கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு நெருங்கும்போது யாருக்கும் நேரம் இருக்காது.

படி 2: வரவேற்கப் போகிறவர்களைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான சங்கங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. வரவேற்பு என்றதும், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் படித்துப் பெரிய பதவிக்கு வந்த ஒருவரை மேடையில் ஏற்றுவார்கள். அவர் நன்றாகவே பேசுவார். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு, 'அவர் வேறு உலகம்' என்றுதான் தோன்றும். கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய்ப் பேசும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு முன் பள்ளி முடித்தவர்கள்தான் இதற்குச் சரியான ஆட்கள். அவர்களை மாணவர்களுக்கு முகம் தெரியும். அண்ணா, அக்கா என்று கூச்சமில்லாமல் கூப்பிடுவார்கள். விடுதியில் முதல் வாரம் எப்படி இருக்கும், பாடம் முழுக்க வேறு மொழியில் நடந்தால் எப்படிச் சமாளிப்பது, வேலைக்குப் போன இடத்தில் முதல் மாதம் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது அவர்கள் போன வழிகள் வேறு வேறாக இருக்கட்டும். பல்கலைக்கழகத்தில் படிப்பவர், தொழிற்பயிற்சி எடுப்பவர், வேலைக்குப் போனவர், குடும்பத் தொழிலைப் பார்ப்பவர், முதல் முறை தவறி மறுபடி எழுதித் தேறியவர். கடைசியாகச் சொன்னவரைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள். பின்னால் வரும் படி 6-ல் அவர் இல்லாமல் முடியாது.

வெளியேறப் போகும் பேட்சிலிருந்தும் பிரிவுக்கு இரண்டு பேரைப் பிரதிநிதிகளாக எடுங்கள். வகுப்புத் தலைவர்களை அப்படியே எடுத்துக்கொள்வது எளிது, ஆனால் ஆசிரியர்களுக்குப் பிடித்த மாணவர்கள் மட்டுமே வருவார்கள். மாணவர்களிடமே, "ஊருக்குப் போனாலும் உங்களோடு தொடர்பில் இருப்பது யார்?" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் சத்தமில்லாத ஒருவரின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அவர்தான் இருபது ஆண்டு கழித்தும் பேட்சைக் கட்டி வைத்திருப்பார்.

படி 3: தொடர்பு விவரங்களைச் சேகரியுங்கள்

கடைசித் தேர்வுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது. கூகுள் ஃபார்ம் ஒன்று போதும், பதில்கள் நேராக ஷீட்டில் வந்து விழும். கைபேசி இல்லாத மாணவர்களும் இருப்பார்கள் என்பதால் அதே கேள்விகளைக் காகிதத்திலும் அச்சடித்து வையுங்கள். வீட்டில் போய் நிரப்பிவிட்டு வா என்று அனுப்பினால் பாதிதான் திரும்பி வரும். பாடவேளையில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, வகுப்பிலேயே நிரப்ப வையுங்கள்.

கேட்க வேண்டியவை குறைவாகவே இருக்கட்டும்: பெயர், முடிக்கும் ஆண்டு, பிரிவு, சொந்தக் கைபேசி எண், சொந்த மின்னஞ்சல். இவற்றோடு, 'என் எண் மாறினாலும் என்னைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒருவர்' என்று இன்னொரு கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். அக்கா, சித்தப்பா, பக்கத்து வீட்டு நண்பன், யாராக இருந்தாலும் சரி. அவரிடம் சொல்லிவிட்டு எண்ணைக் கொடுக்கும்படி மாணவரிடம் சொல்லுங்கள். புது ஊருக்குப் போனதும் எண்ணை மாற்றுகிறவர்கள் நிறைய. அப்போது இந்த ஒரு கட்டம்தான் நம்மைக் காப்பாற்றும். வீட்டு முகவரி, பெற்றோரின் வேலை, வருமானம் இவையெல்லாம் சங்கத்துக்குத் தேவையில்லை. கேட்காமல் விட்டால் பாதுகாக்கும் பொறுப்பும் இல்லை.

மின்னஞ்சல் விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். பள்ளி கொடுத்த முகவரியை மாணவர்கள் பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். பள்ளியை விட்டுப் போனதும் அந்தக் கணக்கை நிர்வாகம் மூடிவிடும், அதில் இருக்கும் படங்களும் கட்டுரைகளும் அதோடு போகும். படிவம் நிரப்பும் நாளிலேயே, கூகுள் டேக்அவுட் வழியாகத் தங்கள் கோப்புகளைச் சொந்தக் கணக்குக்கோ கணினிக்கோ எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். பள்ளி நிர்வாகம் அதை அனுமதித்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சங்கம் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் முதல் உதவி இதுவாகவே இருக்கலாம். புதிதாகத் தொடங்கும் கணக்கையும் எப்போதாவது திறக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்கிவிடலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்தது.

படி 4: வயது, ஒப்புதல்

பள்ளி முடிப்பவர்களில் பலருக்கு இன்னும் 18 ஆகியிருக்காது. இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதி, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் விதியில், இணையச் சேவைகளுக்குத் தானே ஒப்புதல் தரும் வயது 16. நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். உங்கள் நாட்டில் எது பொருந்தும் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் எதுவாக இருந்தாலும் ஒன்றைப் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம். படிவத்தின் மேலேயே மூன்று வரி எழுதுங்கள்: இந்த விவரம் எதற்கு, யார் பார்ப்பார்கள், வேண்டாமென்றால் எப்படி நீக்குவது. 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் விடுங்கள். பட்டியலைத் திறக்கும் உரிமை இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பள்ளியிடம் ஏற்கெனவே இருக்கும் பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்ள நினைக்காதீர்கள். பள்ளிக்குக் கொடுத்த விவரம் வேறு, சங்கத்துக்குக் கொடுப்பது வேறு.

வயது குறைந்த மாணவரோடு வயதில் மூத்த முன்னாள் மாணவர் தனியாகச் செய்தி பரிமாறிக்கொள்ளும் நிலையையும் யோசித்துப் பாருங்கள். வழிகாட்டும் உரையாடல்கள் 18 ஆகும்வரை ஓர் ஆசிரியரோ பிரதிநிதியோ இருக்கும் சிறு குழுவில் நடக்கட்டும். பெரும்பாலான மூத்தவர்கள் நல்லவர்கள்தான். இந்த ஏற்பாடு இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

படி 5: வரவேற்பு நாள்

முக்கால் மணி நேரம் போதும். பிரிவு உபசார விழாவுக்குள்ளேயே ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் முடிவில் வைக்காதீர்கள். முடிவில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டம் வட்டமாகப் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் பத்துப் பதினைந்து மாணவர்கள், நடுவில் ஒரு இளம் சீனியர். தலைமையாசிரியர் இரண்டு நிமிடம், சங்கத் தலைவர் இரண்டு நிமிடம், அதோடு மேடைப் பேச்சு முடிந்தது. மீதி நேரம் வட்டத்துக்குள் பேச்சு. சீனியர் தன் முதல் ஆண்டில் நடந்த ஒரு கஷ்டத்தைச் சொல்லித் தொடங்கினால் மாணவர்கள் தானாகக் கேள்வி கேட்பார்கள். சாதனையிலிருந்து தொடங்கினால் கைதட்டிவிட்டு அமைதியாகிவிடுவார்கள்.

கிளம்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. அதில் அவர் பெயரும் பேட்ச் ஆண்டும் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும், பின்பக்கம் தன் வட்டத்து சீனியரின் பெயரும் எண்ணும். பேட்சில் இருநூறு பேர் இருந்தால் இருநூறு அட்டை எழுத ஒரு மாலை ஆகும். அந்த மாலை வீண் போகாது. அச்சடித்த அட்டையில் தன் பெயரைப் பார்ப்பதும், யாரோ உட்கார்ந்து எழுதிய தன் பெயரைப் பார்ப்பதும் வேறு வேறு.

அன்று வராதவர்களின் பட்டியலை எடுத்து வையுங்கள். அவர்களின் அட்டையை வகுப்பு நண்பர்கள் வழியாக அந்த வாரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். வராமல் இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது அதிகம் தேவைப்படும்.

குழு அமைப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்தச் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் புதியவர்களை ஒரேயடியாகச் சேர்த்துவிடாதீர்கள். அறுபது வயதுக்காரர்கள் காலை வணக்கம் அனுப்பும் இடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை வாயைத் திறக்காது, ஒரு வாரத்தில் ஒலியை அணைத்துவிடும். வாட்ஸ்ஆப் குழுவில் அதிகபட்சம் 1024 பேர்தான் சேர முடியும் என்பது போக, குழுவில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரியும் என்பது இளம் பெண்களுக்கு உண்மையான சிக்கல். பேட்சுக்கு ஒரு தனிக் குழு, அதில் பேட்ச் மாணவர்களும் அவர்களின் பிரதிநிதிகளும் வட்டத்து சீனியர்களும் மட்டும். அறிவிப்புகளை வாட்ஸ்ஆப்பின் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வழியாக அனுப்பலாம். ஒரு பட்டியலில் 256 பேர், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். வரவேற்பு நாளிலேயே சங்கத்தின் எண்ணைச் சேமிக்க வைத்துவிட்டால் சரி.

படி 6: முடிவுகள் வரும் வாரம்

ஒரு சங்கம் எப்படிப்பட்டது என்று இந்த வாரத்தில் தெரிந்துவிடும்.

முடிவு வந்த ஒரு மணி நேரத்தில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் படங்கள் குழுவில் வரத் தொடங்கும். வாழ்த்துகள் நூறு தாண்டும். அதே குழுவில் தவறிய ஒரு பிள்ளை ஒவ்வொரு வாழ்த்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறுகிறவர்கள் அன்றுதான் வெளியேறுகிறார்கள், திரும்ப வருவதில்லை. அதனால் முன்கூட்டியே பிரதிநிதிகளிடம் பேசி, முதல் ஒரு வாரம் பேட்ச் குழுவில் மதிப்பெண் பதிவுகள் வேண்டாம் என்று முடிவெடுங்கள். பாராட்ட வேண்டியவர்களைத் தனியாகக் கூப்பிட்டு மனம் நிறையப் பாராட்டுங்கள்.

அந்த வாரத்தில் ஒவ்வொரு சீனியரும் தன் வட்டத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து பேரையும், வயது குறைந்தவர்களென்றால் வீட்டாருக்குத் தெரியப்படுத்திவிட்டு, தொலைபேசியில் கூப்பிட வேண்டும். செய்தி அனுப்பினால் போதாது. "எவ்வளவு வந்துச்சு?" என்று தொடங்க வேண்டாம். "எப்படி இருக்கே? அடுத்து என்ன யோசிச்சிருக்கே?" என்று கேட்டால் போதும், மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டுமென்றால் அவர்களே சொல்வார்கள்.

தவறியவர்களிடம் பேசப் போகும்போது கையில் தகவல் இருக்கட்டும். மறுதேர்வு எப்போது, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, எந்தப் பாடத்துக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதை முடிவு வருவதற்கு முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் வார்த்தையைவிட, "வர்ற சனிக்கிழமையிலிருந்து கணக்குக்கு அக்கா ஒருத்தங்க சொல்லித்தர்றாங்க, நீயும் வா" என்பது பெரிய ஆறுதல். மறுபடி எழுதித் தேறிய அந்த சீனியரை இவர்களோடு பேச வையுங்கள். அவர் சொன்னால்தான் நம்புவார்கள்.

பேச்சில் நம்பிக்கை இழந்த தொனி கேட்டாலோ, தன்னையே வருத்திக்கொள்வது போல ஏதாவது சொன்னாலோ, சீனியர் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. உடனே வீட்டில் இருக்கும் பெரியவருக்கும் நம்பிக்கையான ஆசிரியருக்கும் சொல்ல வேண்டும், ஒருவர் பக்கத்தில் வரும்வரை தொலைபேசியை வைக்கக் கூடாது. உங்கள் பகுதியின் மனநல உதவி எண்ணையும் அவசர உதவி எண்ணையும் எல்லா சீனியர்களும் கைபேசியில் சேமித்திருக்க வேண்டும். இதை வரவேற்பு நாளுக்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

படி 7: முதல் ஓராண்டு, கொடுப்பது மட்டும்

முதல் ஆண்டில் அவர்களிடம் எதுவும் கேட்காதீர்கள். நன்கொடை, விழாவுக்கு ஆள், கட்டட நிதி எதுவும் வேண்டாம். முன்னாள் மாணவர் சங்கங்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது அமெரிக்காவில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியின் சங்கம். 1821-ல் கல்லூரியின் தலைவரே சில மாணவர்களை அழைத்துக்கொண்டு வேறு கல்லூரி தொடங்கப் போய்விட, வில்லியம்ஸ் நிலைக்குமா என்ற கேள்வி வந்தபோது பழைய மாணவர்கள் கூடி அமைத்தது. அவர்களை யாரும் சந்தா கேட்டுப் பழக்கியிருக்கவில்லை. இடம் தங்களுடையது என்ற எண்ணம் ஏற்கெனவே இருந்தது, அதனால் வந்தார்கள்.

என்ன கொடுக்கலாம்? சின்னச் சின்ன விஷயங்கள். புது ஊருக்குப் போகிறவருக்கு அங்கே ஏற்கெனவே இருக்கும் நம் பள்ளிக்காரர் ஒருவரின் தொடர்பு, அவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு. முதல் தற்குறிப்பை எழுதும்போது படித்துத் திருத்தித் தர ஒருவர். படித்து முடித்த புத்தகங்களை அடுத்தவருக்குக் கைமாற்றும் ஏற்பாடு. விண்ணப்பப் படிவம் புரியாதபோது கேட்க ஓர் எண்.

வேறு பேட்ச்காரர்களோடு அறிமுகம் செய்து வைப்பதற்கு நல்ல காரணம் உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் சிறு பகுதிதான், பெரும்பாலோர் எப்போதாவது அல்லது அரிதாகப் பார்ப்பவர்கள் வழியாகவே தகவல் பெற்றிருந்தார்கள். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். ஐந்து ஆண்டு மூத்தவருக்குத் தெரிந்தது வேறு.

ஆண்டில் நான்கு முறை தொடர்புகொண்டால் போதும்: புது இடத்தில் சேர்ந்த முதல் மாதம், அரையாண்டு விடுமுறை, பள்ளி ஆண்டு விழா, அடுத்த பேட்ச் தேர்வு எழுதும் நேரம். அதற்கு மேல் போனால் தொல்லையாகிவிடும். ஒவ்வொரு முறையும் எண் மாறியதா என்று கேட்டுப் பட்டியலைத் திருத்துங்கள். பதில் வராவிட்டால் கோபிக்க வேண்டாம், பட்டியலிலிருந்து எடுக்கவும் வேண்டாம். பதினெட்டில் பதில் போடாதவர் இருபத்தெட்டில் தானாக வந்து நிற்பார்.

படி 8: அடுத்த பேட்ச்

ஓராண்டு முடியும்போது புதியவர்களிடம் முதன்முதலாக ஒன்று கேட்கலாம்: "அடுத்த பேட்சுக்கு உன்னைப் போல ஒரு ஆள் வேண்டும், ஒரு மாலை வர முடியுமா?" முன் வரிசைக்காரர்களை மட்டும் கேட்காதீர்கள். மறுதேர்வு எழுதித் தேறியவர், பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருப்பவர், வரவேற்பு நாளில் வராமல் அட்டையை நண்பன் வழியாக வாங்கிக்கொண்டவர், இவர்களை முதலில் கூப்பிடுங்கள். அவர்கள் வந்ததும் புது அட்டைகளையும் பேனாவையும் கையில் கொடுத்து, அடுத்த பேட்சின் பெயர்ப் பட்டியலை முன்னால் வையுங்கள்.